முதல் முறை காட்டிய அட்டை

காவிரிப் பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் ஷெர்லின் அந்தப் படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் புதுப் பாலத்து வேலை நடப்பதால் காலை வேளையில் அங்கே எப்போதும் நெரிசல்தான். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து நின்றுகொண்டே வந்தவளுக்கு அப்போதுதான் உட்கார இடம் கிடைத்திருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு கைபேசியைத் திறந்தாள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், தலைமையாசிரியர் நவநீதன் முந்தைய நாள், புதன்கிழமை இரவு, ஏதோ போட்டிருந்தார்.

அது அவள் வகுப்பில் சேர்த்த விவரங்களின் படம். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கட்டங்கள். சரியான விடைக்குப் பச்சை, தவறான விடைக்குச் சிவப்பு. அவளுடைய அறிவியல் வகுப்பில் பிள்ளைகள் காட்டிய விடைகள் அவை. அடியில் தலைமையாசிரியர் எழுதியிருந்தார்: ‘சிவப்பு அதிகம் உள்ள மாணவர்கள் திங்கள் முதல் மெல்லக் கற்போர் பிரிவில் அமர்த்தப்படுவர். பெற்றோர் ஒத்துழைக்கவும்.’ அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போடும் கைகளும் உயர்த்திய கட்டைவிரல்களும். ஓர் அம்மா மட்டும் கேட்டிருந்தார்: ‘யமுனா யாரு? ஃபுல்லா சிவப்பா இருக்கே.’ பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை வேறு.

ஷெர்லினுக்குக் காது மடல் சூடேறியது. இறங்கி நடந்தே போய்விடலாமா என்று எழுந்தாள். பாலத்தின் நடுவில் டிரைவர் எங்கே நிறுத்துவார்? மறுபடி உட்கார்ந்தாள்.

அந்தக் கட்டங்கள் எப்படி உண்டாகின்றன என்று தெரிந்தால்தான் அவளுடைய கோபம் விளங்கும். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் கைபேசி கொண்டுவரக் கூடாது. பாதிப் பேருக்கு வீட்டில் இருப்பதே ஒரு கைபேசிதான், அதுவும் அப்பாவின் சட்டைப் பையோடு வேலைக்குப் போய்விடும். அதனால் வகுப்புக்கு ஒரே ஒரு கைபேசி போதும் என்கிற ஒரு கருவியை ஷெர்லின் தேடிப் பிடித்திருந்தாள். கைபேசி ஆசிரியரிடம் இருக்கும். பிள்ளைகளிடம் இருப்பது வெறும் அட்டை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம், நடுவில் கறுப்புக் கட்டங்கள் சேர்ந்து கோணல்மாணலாக ஓர் உருவம். நான்கு ஓரங்களிலும் ஏ, பி, சி, டி என்று கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற பொடி எழுத்து. விடை சி என்று நினைக்கும் பிள்ளை, சி உள்ள ஓரம் மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் கைபேசியின் கேமராவை வகுப்பின் மேல் மெல்ல ஓட்டினால், அது ஒவ்வோர் உருவத்தையும் படித்து, இது இன்ன எண் அட்டை, இன்ன பக்கம் மேலே இருக்கிறது என்று பிடித்துக்கொள்ளும்.

இதில் அவளுக்கு மிகவும் பிடித்தது, எந்த இரண்டு அட்டையிலும் உருவம் ஒன்றாக இருக்காது என்பது. பக்கத்தில் இருப்பவள் எப்படிப் பிடித்திருக்கிறாள் என்று எட்டிப் பார்த்து ஒரு பயனும் இல்லை. கையைத் தூக்கச் சொன்னால் முதல் வரிசைக் கெட்டிக்காரப் பிள்ளை எதற்குத் தூக்குகிறதோ அதற்கே வகுப்பு முழுவதும் தூக்கும். அட்டையில் அது நடக்காது. நாற்பது பேரும் அவரவர் மண்டைக்குள் இருப்பதையே காட்டியாக வேண்டும்.

ஆனால் அட்டை பாதி வேலைதான். மீதிப் பாதி, கேள்வியை இரண்டு முறை கேட்பது. முதல் முறை பிள்ளைகள் காட்டியதும் ஷெர்லின் சரியான விடையைச் சொல்லமாட்டாள். பாதிக்குப் பாதி பிரிந்து நின்றால் அவளுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். “பக்கத்துல இருக்கறவங்க உங்க விடையைப் போடலைன்னா, ஏன்னு கேளுங்க. உங்க பக்கம் இழுத்துப் பாருங்க” என்பாள். வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். பெஞ்சைத் தட்டுவார்கள், கரும்பலகையில் படம் போடுவார்கள், பேனா மூடியில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் அதே கேள்விக்கு மறுபடியும் அட்டை. முதல் முறை சிவப்பாக இருந்த வகுப்பு இரண்டாம் முறை பச்சையாக மாறும். அந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதுதான் படிப்பு. முதல் முறையே எல்லாம் பச்சையாக இருந்தால், அன்றைக்குக் கேட்ட கேள்வி வீண் என்று அர்த்தம்.

இதற்காகத்தான் முதல் நாளே அவள் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். தப்பாகக் காட்டலாம், அது எனக்கு மட்டும்தான் தெரியும், யாருக்கும் போகாது என்று.

யமுனா அதை நம்பியவள். திருவானைக்காவலில் வாடகை வீடு. அப்பா பாலு சமயபுரம் கோயில் வாசலில் சர்பத் கடை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்பு முழுக்க அவள் குரலை எந்த ஆசிரியரும் கேட்டதில்லை. ஒருநாள் ஷெர்லின் கேட்டாள்: விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய டம்ளரில் ஒரு ஐஸ் கட்டி மிதக்கிறது. கட்டியின் தலை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. முழுக்க உருகினால் தண்ணீர் வழியுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? யமுனா ‘வழியும்’ என்று காட்டினாள். ஏன் என்று தோழி கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கடையில் மேசை துடைப்பது தன் வேலை என்றும், ஐஸ் போட்ட டம்ளர் வைத்த இடமெல்லாம் தண்ணீர் நிற்கும் என்றும் சொன்னாள். வழியாமல் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கேள்வி வகுப்பு முழுக்கப் பரவியது. ‘அப்படியே இருக்கும்’ என்று புத்தகத்தில் முன்பே படித்துச் சரியாகக் காட்டியவர்களுக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் யமுனாவே எழுந்தாள். அவளாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

“மிஸ், சர்பத் சிவப்பா இருக்கும். மேசையில நிக்கிற தண்ணி நிறமே இல்லாம இருக்கும். உள்ளேயிருந்து வழிஞ்சிருந்தா அதுவும் சிவப்பா தானே இருக்கணும்? அப்ப அது டம்ளருக்கு வெளியிலதான் எங்கேயோ இருந்து வருது.”

காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த டம்ளரில் பட்டு நீராகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை எந்தப் புத்தகம் சொல்லும்? அதற்கு அப்புறம் ஐஸுக்கு வருவது சுலபமாக இருந்தது. மிதக்கிற கட்டி தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கித் தள்ளி இடம் பிடித்திருக்கிறது. உருகினால் அதே எடைத் தண்ணீர்தானே ஆகும், தான் பிடித்திருந்த இடத்திலேயே அது அடங்கிவிடும், வழியாது. இரண்டாம் முறை அட்டையைத் தூக்கியபோது வகுப்பே பச்சை. அந்த வருடத்தில் ஷெர்லின் எடுத்த வகுப்புகளில் அதுதான் சிறந்த வகுப்பு.

குழுவில் போட்ட படத்தில் அந்த வகுப்பு யமுனாவின் பெயருக்கு நேராக ஒரு சிவப்புக் கட்டமாக இருந்தது.

தலைமையாசிரியர் அறைக்குள் அவள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். நவநீதன் கெட்ட மனிதர் அல்ல. காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து கேட்டைத் திறந்து நிற்பவர். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பலகை இறங்கிவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்குக் கவலை. பள்ளி மின்னஞ்சலில்தான் கணக்குத் தொடங்க வேண்டும், பெயர்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே அவர் சொன்னபோது ஷெர்லின் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வழியாகத்தான் அவர் தன் மேசைக் கணினியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் திறந்திருந்தார்.

படத்தை உடனே எடுத்துவிடச் சொன்னாள். நிதானமாக, கரும்பலகை முன் நிற்பது போல, இரண்டு முறை கேட்பதன் காரணத்தை விளக்கினாள். அவர் போட்டிருப்பது முதல் முறை காட்டியது மட்டும், அது மதிப்பெண்ணே அல்ல, இரண்டாம் முறை காட்டியதைப் பார்த்தால் யமுனா பெயருக்கு நேராகப் பெரும்பாலும் பச்சை என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இரண்டையும் தான் பார்த்ததாகவும் சொன்னார். அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

“பாத்தேன் மேடம். ரெண்டாவது தடவை காட்டுனது பக்கத்துல பேசிப் பாத்துட்டுக் காட்டுனது தானே? பேசிட்டு எழுதுனா அதுக்கு பேரு காப்பி. முதல்ல காட்டுனதுதான் பிள்ளையோட சொந்தச் சரக்கு.”

“சார், பேசுனதுதான் சார் பாடம்.”

“பரீட்சை ஹால்ல பேச விடுவாங்களா?”

எத்தனை வருடம் தேர்வு அறையில் மேற்பார்வை செய்து செய்து, பேச்சு என்றாலே திருட்டு என்று ஆகிவிட்டது இவர்களுக்கு. இத்தனைக்கும் அவர் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். கருவி அருமையான கருவி என்றும் பாராட்டினார். பரீட்சை வைக்காமலே பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடுகிறதாம். எல்லா வகுப்புக்கும் இதைக் கொண்டுவரப் போவதாகவும், சனிக்கிழமை ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் அவள்தான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். படத்தை எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. பெற்றோருக்கு உண்மை தெரிய வேண்டாமா என்று கேட்டார்.

மூன்றாம் பீரியடில் ஒன்பது பி வகுப்புக்குப் போனாள். கேள்வியைப் போட்டாள். அட்டைகள் உயர்ந்தன, ஆனால் பாதிதான். சிலர் விரலால் உருவத்தை மறைத்துப் பிடித்திருந்தார்கள். உருவத்தின் ஒரு மூலை மறைந்தாலும் கேமராவால் படிக்க முடியாது என்பதைப் பிள்ளைகள் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தார்கள், இதுவரை அதைப் பயன்படுத்தத் தேவை வரவில்லை, அவ்வளவுதான். பேசச் சொன்னாள். யாரும் பேசவில்லை. முதல் வரிசைப் பையன் ஒருவன், விடையைச் சொல்லிவிட்டால் எழுதிக்கொள்வோம் மிஸ் என்றான். யமுனாவின் இடம் காலியாக இருந்தது.

மதியம் யமுனாவின் அம்மா அழகம்மாள் வந்தார். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர், சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தார். மெல்லக் கற்போர் பிரிவு என்றால் என்ன என்று கேட்டார். ஷெர்லினுக்குச் சொல்லவே கூசியது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை. அதில் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரு ஒல்லியான கையேடு. தேர்ச்சிக்குத் தேவையான விடைகள் மட்டும் அதில் இருக்கும், அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி எழுத வைப்பார்கள். அங்கே யாரும் எதற்கும் ஏன் என்று கேட்க நேரம் கிடையாது. ஒருமுறை அந்த அறைக்குப் போன பிள்ளை பழைய வகுப்புக்குத் திரும்பி அவள் பார்த்ததில்லை.

“வீட்டு ஓனரம்மா போனைக் கொண்டாந்து காட்டுறாங்க மிஸ். அவங்க பேத்தியும் இதே கிளாஸுதான். உங்க பொண்ணுக்கு மண்டையில ஒண்ணும் ஏறலையாமேங்கிறாங்க. இவ தினம் வந்து, மிஸ் இன்னைக்கு இதைக் கேட்டாங்க, நான் இப்படிச் சொன்னேன்னு கதை சொல்லிக்கிட்டு இருப்பா. இப்ப என்னடான்னா, தெரியாததை வெளிய காட்டுனதுதான் தப்பு, இனிமே வாயே தொறக்க மாட்டேங்கிறா.”

வாயைத் திறந்ததற்கு ஒரு பிள்ளைக்குக் கிடைத்த கூலி இது. தெரியாமலே தெரிந்த மாதிரி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள். நம்பிக் காட்டியவள் மாட்டிக்கொண்டாள்.

“திங்கட்கிழமை அனுப்பி வைங்க. அவ என் கிளாஸ்லதான் உக்காருவா” என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

சனிக்கிழமை பயிற்சிக்கு அவள் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து ஆசிரியர்கள் எல்லாருடைய பெயரையும் கருவியில் ஏற்றினாள். ஆளுக்கோர் எண். முதல் பெயர் நவநீதன்.

ஸ்மார்ட் வகுப்பறையில் பிள்ளைகளின் பெஞ்சுகளில் ஆசிரியர்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். ஷெர்லின் அட்டைகளைக் கொடுத்து எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். தமிழாசிரியர் வளவன் அட்டையைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் பிள்ளையார் தெரிகிறாரே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மனநிலையில் இருந்தார்கள்.

“அறிவியல் சார், மேடமெல்லாம் கொஞ்சம் பொறுமையா இருங்க. இது எல்லாருக்குமான கேள்வி” என்று தொடங்கினாள். மலைக்கோட்டைத் தெப்பக்குளத்தில் ஒரு பரிசல். பரிசல் நிறையக் கருங்கல். உள்ளே இருப்பவர் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குளத்துக்குள் போடுகிறார். எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. இப்போது குளத்தின் நீர்மட்டம் முன்பைவிட உயருமா, குறையுமா, மாறாமல் இருக்குமா, சொல்லவே முடியாதா?

கல்லைப் போட்டால் உயராமல் என்ன செய்யும் என்று ஒருவர் முணுமுணுத்தார். அட்டைகள் மேலே வந்தன. கேமராவை ஓட்டினாள். பெரிய திரையில் ஒவ்வொரு பெயராக வந்து நிறம் ஏறியது. சிவப்பு. சிவப்பு. சிவப்பு. எங்கோ ஒரு பச்சை. மறுபடியும் சிவப்பு. கணக்கு ஆசிரியை அல்ஃபியாவின் பெயரும் சிவப்பு. வளவன் சிவப்பு. அறிவியல் பட்டதாரிகளிலேயே மூன்று பேர் சிவப்பு. சிரிப்பு நின்றது. தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் பெஞ்சில் அசைந்து உட்கார்ந்தார்கள்.

ஒரே ஒரு பெயருக்கு மட்டும் எந்த நிறமும் இல்லை. நவநீதனின் அட்டை அவர் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

“சார், நீங்க காட்டலை.”

“எனக்கெதுக்கு மேடம்? நீங்க நடத்துங்க.”

அவள் நடத்தினாள். விடையைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர் வேறு விடை போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள் என்றாள். வளவன்தான் முதலில் அல்ஃபியாவைப் பார்த்து, கல்லு பரிசல்ல இருந்தா என்ன, தண்ணிக்குள்ள இருந்தா என்ன டீச்சர், குளத்துக்கு ரெண்டும் ஒண்ணுதானே என்று ஆரம்பித்தார். அல்ஃபியா இல்லை என்றார். கல் பரிசலில் இருக்கும்போது பரிசலை அழுத்துகிறது, அதன் எடை அளவுக்குத் தண்ணீர் ஒதுங்குகிறது. அடியில் கிடக்கும்போது கல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தண்ணீர்தான் ஒதுங்கும். கல் தண்ணீரைவிடக் கனம். அப்படியானால்... என்று சொல்லிக்கொண்டே வந்தவர் தன் அட்டையை வெடுக்கென்று திருப்பினார். குறையும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் ஒப்பவில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டில் மூடியையும் சாவிக்கொத்தையும் எடுத்துவிட்டார். பத்து நிமிடத்தில் அந்த அறை ஒன்பது பியைவிடப் பெரிய சந்தைக்கடையாக இருந்தது.

இரண்டாம் முறை திரை பச்சையாக மாறியது. கைதட்டினார்கள். ஷெர்லின் கைதட்டவில்லை. திரையில் மறுபடி முதல் முறை காட்டியதை, அந்தச் சிவப்புக் காட்டை, பெயர்களோடு கொண்டுவந்து நிறுத்தினாள்.

“இது பயிற்சி சார். இப்ப இவங்கள்ல யாரை மெல்லக் கற்போர் பிரிவுக்கு அனுப்பணும்னு நீங்க சொல்லணும். ரெண்டாவது காட்டுனது காப்பின்னு சொன்னீங்க. அப்ப இதுதான் எங்க எல்லாரோட சொந்தச் சரக்கு.”

வளவன் நிதானமாகச் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்துத் திரையை நோக்கிப் பிடித்தார்.

“ஒரு போட்டோ எடுத்து நம்ம பேரன்ட்ஸ் குரூப்புல போட்டுரட்டுமா சார்? வாத்தியாருங்க நிலவரமும் தெரியட்டும்.”

“வேண்டாம்” என்றார் நவநீதன். யோசிக்காமல், உடனே சொன்னார்.

“ஏன் சார்?” என்று கேட்டது அல்ஃபியா. கேலி இல்லாமல், உண்மையாகவே கேட்டார்.

நவநீதன் நாற்காலியிலிருந்து எழுந்தபோது மடியில் கிடந்த அட்டை கீழே விழுந்தது. பயிற்சி முடிந்தது, டீ வந்திருக்கிறது என்றார்.

டீக்குப் பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். சக ஆசிரியர்கள் முன் தன்னை அவமானப்படுத்திவிட்டதாகச் சொன்னார். முகம் சிவந்திருந்தது, குரல் உயரவில்லை. தான் எந்த ஆசிரியரையும் அவமானப்படுத்தவில்லை, அவர்கள் கைதட்டித்தானே போனார்கள் என்றாள் ஷெர்லின். பெயரோடு குழுவில் போட்டது பதினாலு வயசுப் பிள்ளைகளைத்தான், அதுவும் அவர் போட்டது என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே, பிரிப்பதைக் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவரை எல்லாரும் அவரவர் வகுப்பிலேயே இருக்கட்டும் என்றார். ஒழுங்குமுறை மீறலுக்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு மெமோ வரும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

“மெமோவை வாங்கிக்கிறேன் சார். படத்தை எடுங்க.”

அவர் கைபேசியை எடுத்து அழுத்திப் பார்த்தார். அழித்தால் அவருடைய கைபேசியில் மட்டும்தான் போகும், மற்றவர்களிடமிருந்து அழிக்கும் நேரம் தாண்டிவிட்டது என்று அது காட்டியது. கைபேசியை அவளிடமே நீட்டினார், அவளால் ஏதாவது செய்ய முடியுமா என்பது போல. முடியாது. வியாழக்கிழமை காலையில் அவள் நின்று கேட்டபோது ஒரே ஒரு தொடுதலில் போயிருக்கும். இனி அது எல்லார் கைபேசியிலும், அந்த வீட்டு ஓனரம்மா கைபேசியிலும் கிடக்கும். அந்தக் கோபம் ஷெர்லினுக்கு ஆறவே இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் முன்பே பள்ளிக் கணக்கைத் திறந்து ஒன்பது பியின் பெயர்களை ஒவ்வொன்றாக அழித்தாள். பழைய விடைகளையும் அழித்தாள். மிஞ்சியது வெறும் எண்கள். யோசித்துப் பார்த்தால் பெயர்கள் அவளுக்கு எதற்கும் தேவைப்பட்டதே இல்லை. எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பது தெரிந்தால் போதும், அடுத்து என்ன பேச வேண்டும் என்பது தெரிந்துவிடும். யார் என்பது தெரிந்தால் என்ன செய்யலாம்? நவநீதன் செய்ததைத்தான் செய்யலாம். கேட்டவுடன் பெயர்களைக் கொடுத்தது தான்தானே என்ற நினைப்பும் அவளுக்கு வந்தது. அதற்காகத் தன் மேலும் கோபப்பட்டாள்.

திங்கட்கிழமை அட்டைகளைக் கலைத்து வாசல் மேசையில் குவித்து வைத்தாள். வருகிற பிள்ளை கண்ணுக்குப் பட்ட அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம், நாளைக்கு வேறு அட்டை. யமுனா வந்திருந்தாள். எல்லாரும் எடுத்த பிறகும் மேசை முன்னால் நின்றாள்.

“இதுல என் பேரு வருமா மிஸ்?”

“யார் பேரும் வராது. இதோ பாரு.” கைபேசியை அவள் கையிலேயே கொடுத்தாள். யமுனா திரையைக் கீழே வரை தள்ளிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன.

“உங்களுக்கும் தெரியாதா?”

“எனக்கும் தெரியாது.”

“ஹெச்.எம் சாருக்கு?”

“கணக்கு அவர்கிட்டயும் இருக்கு. திறந்தாலும் இதேதான் தெரியும்.”

யமுனா குவியலின் அடியிலிருந்து ஓர் அட்டையை உருவிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

ஷெர்லின் கேள்வியைப் போட்டாள். வெறும் தண்ணீரில் மூழ்கிய முட்டை உப்புக் கரைத்ததும் மேலே வருகிறது, மாறியது முட்டையின் எடையா, தண்ணீரா, இரண்டுமா? கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்வரிசையில் ஓர் அட்டை உயர்ந்தது. இன்னொன்று. விரல்கள் ஓரத்தைப் பிடித்திருந்தன, உருவத்தின் மேல் இல்லை. கேமராவை ஓட்டினாள். எண்கள் ஒவ்வொன்றாக நிரம்பின; எந்த எண் எந்த நிறம் என்பதை அவள் மறைத்து வைத்திருந்தாள், கடைசியில் மொத்தக் கணக்கு மட்டும் வரும். இன்னும் ஓர் அட்டை வரவேண்டும் என்று கைபேசி காட்டியது. யமுனாவின் கை பெஞ்சின் மேலேயே இருந்தது. ஷெர்லின் அவளைப் பார்க்காமல் ஜன்னல் வரிசைக்குக் கேமராவைத் திருப்பி, எதையோ மறுபடி படிப்பது போல நின்றாள். திரும்பி வந்தபோது அந்தக் கடைசி எண்ணும் நிரம்பியது.

வகுப்பு இரண்டாகப் பிரிந்திருந்தது. பாதிக்கு மேல் சிவப்பு. யமுனா எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“பேசுங்க” என்றாள்.

யாரும் தொடங்கவில்லை. முன்வரிசைப் பையன் பேனாவைத் திறந்து விடைக்காகக் காத்திருந்தான். ஷெர்லின் சொல்லவில்லை. மேசையில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள். நடுவரிசையில் பெஞ்சு கிரீச்சிட்டது. யமுனா பக்கத்தில் இருந்தவளின் அட்டையை எட்டிப் பார்த்து, எழுத்தைப் படிக்க முடியாமல், அவள் தோளைத் தட்டினாள்.

“நீ என்ன போட்ட? ஏன் அதைப் போட்ட, சொல்லு.”